புள்ளடி போடுவது சங்கமா, வாக்காளரா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

ஹட்டன், டிக்கோயா, கொட்டகலை போன்ற நகரங்களை ஒட்டி வாழும் மலையக மக்களின் வாக்கைத் தீர்மானிப்பது தொழிற்சங்கமா, வாக்காளரின் சொந்தக் கணக்கா என்பது தலைப்பு. சொந்தக் கணக்கே என்பது எங்கள் அணியின் வாதம்.

தோட்டத்துச் சங்கத் தலைவர் சின்னத்தைச் சொல்வார், தொழிலாளர் வரிசை வீடுகளான லயமே திரண்டு போய்ப் புள்ளடி போட்டுவிட்டு வரும் என்றார்கள் எதிரணியினர். அப்படியொரு காலம் இருந்தது. 1948, 1949 சட்டங்கள் குடியுரிமையையும் வாக்குரிமையையும் பறித்த பிறகு, இந்த மக்களுக்காகப் பேசச் சங்கத்தை விட்டால் ஆளில்லை. 2003இல் வந்த குடியுரிமைச் சட்டம் வரைக்கும் நீண்ட போராட்டம் அது. அந்த நன்றிக்கடனை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் நன்றிக்காக மட்டும் இன்று யாரும் வாக்குச்சாவடிக்குப் போவதில்லை.

2015 ஜனாதிபதித் தேர்தலில் மலையகத்தின் பெரிய சங்கமான இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ், மகிந்த ராஜபக்சவின் வெற்றிலைக்கு வாக்குக் கேட்டது. இந்த ஊர்கள் அடங்கிய நுவரெலியா மாவட்டம் மைத்திரிபால சிறிசேனவின் அன்னத்துக்குப் போட்டது. 2019இல் கோட்டாபய ராஜபக்சவின் மொட்டுக்குக் கேட்டது. சஜித் பிரேமதாசவுக்கு 277,913, கோட்டாபயவுக்கு 175,823. 2024இல் ரணிலுக்குக் கேட்டது. அவருக்கு 138,619, சஜித்துக்கு 201,814. மூன்று தேர்தல், மூன்று முறையும் பெரிய சங்கம் காட்டிய திசையில் மாவட்டம் போகவில்லை.

"எதிர்ப்பக்கத்திலும் சங்கங்கள் நின்றனவே, தொழிலாளர் தேசிய சங்கமும் மலையகத் தொழிலாளர் முன்னணியும் சங்கங்கள் இல்லையா?" என்று கேட்டார் எதிரணித் தலைவர். சங்கங்கள்தான். சங்கங்களே இரண்டுபட்டு ஆளுக்கொரு சின்னத்தைக் காட்டும்போது, எதை எடுப்பது, எதை விடுவது என்று முடிவுசெய்தவர் யார், நடுவர் அவர்களே?

இன்னும் நெருங்கிப் பாருங்கள். 2019 நவம்பரில் மொட்டைத் தோற்கடித்த இதே மாவட்டத்தில், ஒன்பது மாதம்கூட ஆகாத 2020 ஓகஸ்ட் பாராளுமன்றத் தேர்தலில், அதே மொட்டில் நின்ற காங்கிரசின் ஜீவன் தொண்டமானுக்கு 109,155 விருப்பு வாக்குகள் விழுந்தன. இதை எதிரணி தன் சான்றாகக் காட்டும். விருப்பு வாக்கில் சங்கத்துக்குப் பிடி இருப்பது உண்மைதான். கட்சிக்குப் புள்ளடி போட்டு, பிறகு வேட்பாளர் இலக்கங்களை மூன்று வரை குறிக்கலாம். கட்சியை விட்டுவிட்டு இலக்கத்தை மட்டும் குறித்தால் வாக்கே செல்லாது. இதை வீடு வீடாகச் சொல்லிக்கொடுக்க சங்கத்திடம் ஆள் இருக்கிறது. ஆனால் நாட்டை ஆள்பவர் வேறு, நம் தோட்டத்துக்காகப் பேசுபவர் வேறு என்று பிரித்துப் போடுபவர், சொன்னதைச் செய்யும் கூட்டமா?

2024 செப்டம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலில் இந்த மாவட்டத்தில் அநுர குமார பெற்றவை 105,057. ஐம்பத்து நான்கு நாள் கழித்து, நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலில், அவருடைய தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டிக்கு 161,167. எட்டு ஆசனங்களில் ஐந்து அதற்கு. சஜித் அணியின் தொலைபேசிக்கு இரண்டு, ஐக்கிய தேசியக் கட்சியின் யானையில் நின்ற காங்கிரசுக்கு ஒன்று. வலப்பனை, ஹங்குரன்கெத்த, கொத்மலைச் சிங்களக் கிராமங்களின் வாக்கும் இதில் அடங்கும். அதை மறைக்க மாட்டேன். ஆனால் பழைய பெரிய சங்கங்கள் எதுவும் கைகாட்டாத சின்னம் அது.

காரணம் தோட்டத்தின் சம்பளப் பதிவேடான செக்ரோலில் இருக்கிறது. சங்கச் சந்தா சம்பளத்தில் பிடிக்கப்படுவது. செக்ரோலில் பெயர் இருந்தால்தான் பிடிக்க முடியும். நகரோர லயத்தில் அம்மா கொழுந்து பறிப்பார்; மகன் கொழும்பில் கடையில் நிற்பார், மகள் பாலர் பாடசாலையில் படிப்பிப்பார், மருமகன் ஆட்டோ ஓட்டுவார். வாக்கு நான்கு, சந்தா ஒன்று. மற்ற மூவரிடம் தலைவர் எதை வைத்துப் பேசுவார்? கொழும்பில் இருப்பவரின் பெயர் இன்னும் ஊர் வாக்காளர் இடாப்பில்தான். வியாழக்கிழமைத் தேர்தலுக்கு லீவு கேட்டு, இரவு பஸ்ஸுக்குக் கைக்காசு கொடுத்து, மாலை நான்கு மணிக்குள் சாவடிக்கு வந்து சேர்கிறவர் அவர். அவ்வளவு பாடுபட்டு வருகிறவர் அடுத்தவர் சொன்ன சின்னத்துக்கா போடுவார்?

அவர் கேட்பவையும் மாறிவிட்டன. ஏழு பேர்ச் காணிக்கு உறுதிப்பத்திரம் எங்கே? லயத்துக்கு ஏறும் பாதையைப் பிரதேச சபை ஏன் போடவில்லை? 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டத்துக்குள் சபை செலவு செய்ய நெடுங்காலம் தடையாக இருந்தது. வாக்கு வாங்கிய சபை பாதை போட முடியாமல் நின்ற கொடுமை அது. 2018இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. அன்றிலிருந்து சாக்குச் சொல்ல இடமில்லை. நோர்வூட்டிலும் மஸ்கெலியாவிலும் கொட்டகலையிலும் புதிய சபைகளும் வந்துவிட்டன. இன்று வேட்பாளர் வாசலுக்கு வந்தால் முதலில் கேட்கப்படுவது எந்தச் சங்கம் என்பதல்ல, பாதை எப்போது என்பதுதான்.