கணக்கு பார்க்கிற நேரம்

நேயர்களுக்கு வணக்கம்.

மீன்பிடித் தடைக்காலம் வந்தால் என் கடையில் கூட்டம் கூடிவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் கிடக்கும். வலை கட்டுவது, பெயின்ட் அடிப்பது போக, படகுக்குப் போகிற பையன்களுக்கு நேரம் நிறைய மிச்சம். நான் மண்டபத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவன். உப்புக்காற்று எனக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருக்கிறது. கம்ப்யூட்டருக்குள் இருக்கிற ரேம் அட்டையைக் கழற்றினால் அந்தத் தங்கநிறப் பற்களில் பச்சை பூத்திருக்கும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்திருக்கிற அழிரப்பரால் நாலு தேய் தேய்த்து மாட்டினால் பாதி மெஷின் எழுந்து உட்காரும். மீதிப் பாதிக்குத்தான் நான் காசு வாங்குகிறேன்.

போன தடைக்காலத்தில் ஒரு பையன் ஹார்ட் டிஸ்க்கைத் துண்டில் சுற்றி, கைக்குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரி கொண்டு வந்தான். வயது இருபத்துமூன்று இருக்கும். “அண்ணே, மத்ததெல்லாம் போனாப் போகட்டும். ஒரே ஒரு சேவ் ஃபைல் மட்டும் எடுத்துக் குடுங்க” என்றான். ஏதோ வேலைக்கான ஃபைல் என்று நினைத்தேன். இல்லை, கேம். எதுவரை ஆடினோம் என்று பதிந்து வைக்கிற ஃபைல். தொண்ணூறு மணி நேரம் ஆடியிருக்கிறான், முடிவு நெருங்கிவிட்டது. “அதுக்குள்ள என் ஆளுக இருக்காகண்ணே” என்றான்.

சிரிக்கலாம். நான் சிரிக்கவில்லை, ஏனென்றால் நானும் அந்தக் கட்சி. ராத்திரி கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஆடுகிறவன். இன்றைக்கு எனக்குக் கொடுத்திருக்கிற நேரத்தில் அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். ஆர்.பி.ஜி. என்று சொல்கிற கேம்களில், கடைசியில் என்ன ஆகும் என்பதை ஆடுகிறவன் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அந்த முடிவு பிடிக்காமல் போனால் வளர்ந்த ஆட்கள் ஏன் அப்படித் துடிக்கிறார்கள்?

கேம் பக்கமே போகாத நேயர்களுக்காக ஒரு வார்த்தை. ஆர்.பி.ஜி. என்றால் வேடம் கட்டி ஆடுவது. நம் பக்கத்துக் கோயில் திருவிழாவில் விடிய விடிய வள்ளி திருமணம் நாடகம் போடுகிறார்களே, அந்த மாதிரி. ஆனால் வள்ளி கடைசியில் யாரைக் கட்டுவாள் என்பது முன்வரிசைக் குழந்தைக்கும் தெரியும். முடிவை மாற்றச் சொல்லி யாரும் மேடை ஏறுவதில்லை. கேமில் வேடம் கட்டியிருப்பது நாம்தான். வழியில் ஒருவன் கெஞ்சினால் விடுவதா வெட்டுவதா, கூட வருகிறவளிடம் உண்மையைச் சொல்வதா மறைப்பதா, எல்லாம் நம் பொறுப்பு. வேடத்தைக் கலைத்த பிறகும் அந்தப் பொறுப்பு கலைவதில்லை. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கனடாவில் பயோவேர் என்று ஒரு கம்பெனி. மாஸ் எஃபெக்ட் என்று மூன்று கேம் விட்டார்கள்: 2007, 2010, 2012. மூன்றும் ஒரே விண்வெளிக் கதை. முதல் கேமில் நீங்கள் செய்ததை சேவ் ஃபைலாக எடுத்துக்கொண்டு அடுத்ததற்குப் போகலாம். முதலாவதில் ரெக்ஸ் என்கிற கூட்டாளியைப் பேசிச் சமாதானப்படுத்தத் தவறினால் அவன் அங்கேயே சாவான், பிறகு வரவே மாட்டான். இரண்டாவது கேமின் கடைசிப் பயணம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. திரும்பி வருவது உறுதியில்லாத இடத்துக்குக் கப்பலை எடுத்துப் போகவேண்டும். போவதற்கு முன் கப்பலின் கவசத்தைப் பலப்படுத்தவில்லையா, கூட வருகிற ஒருவருடைய சொந்தப் பிரச்சினையை என்னவென்று கேட்டுத் தீர்க்கவில்லையா, அதற்கு விலை ஓர் உயிர். எல்லாரையும் திரும்பக் கொண்டுவரவும் முடியும், ஏறக்குறைய எல்லாரையும் பறிகொடுக்கவும் முடியும். கடலுக்குப் போகுமுன் இஞ்சினைப் பார், ஐஸைப் பார், ஆள் மனத்தாங்கலோடு ஏறுகிறானா பார் என்று பெரியவர்கள் சொல்வதைத்தான் அவர்கள் வெள்ளிகளுக்கு நடுவே வைத்திருந்தார்கள்.

இவ்வளவையும் சுமந்துகொண்டு, 2012 மார்ச்சில் வந்த மூன்றாவது கேமின் முடிவுக்குப் போனார்கள். அங்கே இருந்தவை மூன்று வழி. சிவப்பு, நீலம், பச்சை. எதை எடுத்தாலும் வருகிற காட்சி கிட்டத்தட்ட ஒன்றேதான், வெளிச்சத்தின் நிறம்தான் வேறு. ஐந்து வருஷமாகக் காப்பாற்றியவர்கள், இழந்தவர்கள், அவர்களெல்லாம் அப்புறம் என்ன ஆனார்கள் என்பதைப் பற்றிப் பேச்சு இல்லை.

உலகம் முழுக்கக் கொந்தளிப்பு. கொஞ்சம் பேர் எல்லை மீறிப் பேசினார்கள், அது அசிங்கம். ஆனால் கூட்டமாகச் சேர்ந்த சிலர், தங்கள் கோபத்தைக் காட்ட, மருத்துவமனைக் குழந்தைகளுக்கு விளையாட்டுச் சாமான் வாங்கித் தருகிற ஓர் அறக்கட்டளைக்குப் பணம் திரட்டினார்கள். இன்னும் சிலர் பயோவேருக்குக் கப்கேக் அனுப்பினார்கள், நானூறு. சிவப்பு, நீலம், பச்சை என்று மூன்று நிறம். கடித்துப் பார்த்தால் எல்லாமே வெனிலா. எதிர்ப்புக் கடிதம் என்றால் இப்படி இருக்கவேண்டும்.

அப்போது பலரும் சொன்னது: இவர்களுக்குச் சந்தோஷ முடிவு வேண்டும், கிடைக்கவில்லை, அழுகிறார்கள். இதை நான் ஒத்துக்கொள்ளவில்லை.

படகு கரை வந்தபின் நடப்பதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வருவது புரியும். மீன் ஏலம் போன பிறகு, டீசல் இவ்வளவு, ஐஸ் இவ்வளவு, சாப்பாட்டுச் செலவு இவ்வளவு என்று கழித்து, மீதியைப் பங்கு வைப்பார்கள். பாடு, அதாவது கிடைத்த மீன், மோசமான நாளில் ஆளுக்கு இருநூறு ரூபாய்கூடத் தேறாது. முணுமுணுத்துவிட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். அதே இருநூறை, கணக்கே சொல்லாமல் “இந்தா, பிடி” என்று நீட்டிப் பாருங்கள், அன்றைக்குக் கரையில் சண்டைதான். ராத்திரி முழுக்க வலை இழுத்தவனுக்குத் தொகையைவிடக் கணக்கு முக்கியம். நான் இழுத்தது எங்கே போய்ச் சேர்ந்தது என்று அவனுக்குத் தெரியவேண்டும்.

மாஸ் எஃபெக்டிலும் அதுதான் நடந்தது. 2012 ஜூனில் பயோவேர் முடிவை விரித்து இலவசமாக ஒரு இணைப்பு வெளியிட்டது. அதில் அடிப்படை முடிவுகள் மாறவில்லை. அவரவர் என்ன ஆனார்கள், உங்கள் தீர்மானத்தால் எந்த உலகம் எப்படிப் போனது என்று காட்டினார்கள், அவ்வளவுதான். எல்லாருக்கும் திருப்தி இல்லை என்றாலும் சூடு இறங்கிவிட்டது. 2023 ஆகஸ்டில் வந்த பால்டர்ஸ் கேட் 3 என்கிற கேமுக்கும் இதே கதி. அதைச் செய்த லேரியன், நவம்பர் கடைசியில், சண்டையெல்லாம் முடிந்து ஆறு மாதம் கழித்துப் பழைய கூட்டாளிகள் ஒன்றுகூடுகிற ஒரு விருந்தைச் சேர்த்துக் கொடுத்தது. அதில் அடிதடி கிடையாது. உட்கார்ந்து பேசிவிட்டு, போய்வருகிறேன் என்று சொல்லலாம். அதற்காகவே சிலர் மறுபடி முதலிலிருந்து ஆடினார்கள்.

சரி, என் சொந்தத் தோல்விக்கு வருகிறேன்.

விட்சர் 3 என்று 2015-இல் வந்த கேம், போலந்துக்காரர்கள் செய்தது. அதில் நாம் கெரால்ட். நரைத்த தலை, கூலிக்குப் பேய்பிசாசு வேட்டையாடுகிற ஆள். அவன் மகள் மாதிரி வளர்த்த பெண் சிரி. கதையே அவளைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான். கடைசியில் அவள் பிழைப்பாளா மாட்டாளா என்பது ஐந்தாறு இடங்களில் நாம் அவளிடம் எப்படி நடந்துகொண்டோம் என்பதைப் பொறுத்தது. நடக்கும்போது அது நமக்குத் தெரியாது.

பாம்பனில் புயல் என்றால் துறைமுகத்தில் கூண்டு ஏற்றுவார்கள். ஒன்றாம் எண், மூன்றாம் எண் என்று எண்ணைப் பார்த்தே எவ்வளவு பயப்படவேண்டும் என்று தெரிந்துகொள்வோம். பெரும்பாலான கேம்களும் அப்படித்தான். முக்கியமான கட்டம் வருகிறது என்றால் இசை மாறும், முகம் பெரிதாக வரும், கூண்டு ஏறிவிட்டது என்று புரிந்து நிமிர்ந்து உட்காருவோம். விட்சரில் சிரி விஷயத்தில் கூண்டே ஏற்றவில்லை.

ஓர் இடத்தில் சிரி நொந்துபோய் உட்கார்ந்திருக்கிறாள். வளர்த்த பெரியவர் செத்துப்போனார், தன்னால்தான் என்று நினைக்கிறாள். உங்களுக்கு இரண்டு வழி. “எல்லாத்துலயும் நீ கெட்டிக்காரியா இருக்கணும்னு இல்ல, விடு” என்று சமாதானம் சொல்லிச் சேர்ந்து குடிக்கலாம். இல்லையென்றால் வெளியே கூட்டிப் போய்ப் பனியை உருட்டி எறிந்து விளையாடலாம். ஃபேன்கூட ஓடாத மே மாதத்து ராத்திரியில், பனியன் நனைய உட்கார்ந்து, பனிக்கட்டி எறிவதா என்று எனக்குத் தோன்றியது. சமாதானம் சொன்னேன். இன்னோர் இடத்தில் மந்திரக்காரிகளின் சபை அவளைக் கூப்பிடுகிறது. தனியாக அனுப்புவதா, கூடப் போவதா? நான் கூடப் போனேன். சின்னப்பெண், தனியாக எப்படி விடுவது? அவள் கோபத்தில் ஒருத்தனுடைய சாமான்களை உடைக்கப் பார்க்கிறாள், அமைதியாக இரு என்றேன்.

நான் செய்த ஒவ்வொன்றும் அக்கறைதான், என் கணக்கில். கேமின் கணக்கில், அவள்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை என்று விழுந்துகொண்டே வந்திருக்கிறது. கடைசி வேலைக்கு உள்ளே போனவள் திரும்பவில்லை. முடிவில் கெரால்ட் ஒரு சதுப்புநிலக் குடிசைக்குப் போய், அவள் வைத்திருந்த அந்தப் பெரியவரின் பதக்கத்தை மட்டும் மீட்டெடுக்கிறான். வெளியே பிசாசுகள் சூழ்ந்து வர, அவன் அந்தப் பதக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். திரை இருட்டாகிவிட்டது.

ராத்திரி இரண்டரை மணி. அந்த வருஷம்தான் என் மகள் மதுரையில் கல்லூரி சேர்ந்திருந்தாள். விடுதி வரை போய், வார்டனிடம் நாலு தடவை சொல்லி, கட்டிலுக்குக் கொசுவலை கட்டிக் கொடுத்து, பக்கத்துக் கட்டில் பிள்ளையின் அப்பா நம்பரையும் வாங்கி வந்திருந்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. முகத்தைத்தான் திருப்பிக்கொண்டாள்.

லோட் பண்ணி, அதாவது பழைய சேவுக்குத் திரும்பிப் போய், மறுபடி ஆடலாம்தானே என்பீர்கள். ஆடினேன். பனி எறிந்தேன், சிரி பிழைத்தாள். ஆனால் விடை தெரிந்துகொண்டு எழுதிய பரீட்சை மாதிரி இருந்தது. இன்றைக்கும் யாராவது கேட்டால், என் சிரி வரவில்லை என்றுதான் சொல்வேன். அதே 2015-இல் வந்த அண்டர்டேல் என்கிற கேம் இந்த லோட் பண்ணுகிற புத்தியையே பிடித்துவிடுகிறது. ஆரம்பத்தில் ஒருத்தியைக் கொன்றுவிட்டு, மனசு கேட்காமல் பழைய சேவுக்குப் போய் அவளைக் காப்பாற்றினால், கொஞ்ச தூரத்தில் ஒரு பூ சிரித்துக்கொண்டு சொல்லும்: நீ என்ன செய்தாய் என்று எனக்குத் தெரியும்.

ஹார்ட் டிஸ்க் பையனை மறந்துவிடவில்லை. இரண்டு நாள் போராடினேன். அக்கா கல்யாண போட்டோவில் முக்கால்வாசி போய்விட்டது, அந்த சேவ் ஃபைல் மட்டும் அலுங்காமல் வந்தது. வீட்டில் அவனுக்கு நல்ல மண்டகப்படி. வாங்க வந்தபோது நியர் ஆட்டோமேட்டா என்கிற கேம் பற்றிச் சொன்னேன். 2017-இல் வந்தது. அதன் கடைசி முடிவில், தனியாக ஜெயிப்பது ஏறக்குறைய முடியாத ஒரு கட்டம் வரும். முகம் தெரியாத, எந்த நாட்டுக்காரர்களோ, உங்களுக்குத் துணைக்கு வருவார்கள். அப்படி வந்தவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் சேவ் முழுவதையும் அழித்துக்கொடுத்தவர்கள். ஜெயித்த பிறகு உங்களையும் கேட்கும்: இன்னொருவனுக்கு உதவ, உன்னுடையதை அழிக்கிறாயா? யாருக்கு உதவுகிறோம் என்று கடைசி வரை தெரியாது. நன்றியும் வராது.

“நீங்க அழிச்சீங்களாண்ணே?” என்றான்.

“ம்.”

டிஸ்க்கைத் துண்டில் இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினான். கொஞ்ச நேரம் கழித்து, “படகு காணோம்னா தேடப் போறப்ப, அன்னைக்குப் பாடு போச்சேன்னு யாரும் பாக்குறதில்லைல்ல, அது மாதிரி” என்றான். நான் இவ்வளவு நேரம் சுற்றிச் சுற்றிச் சொன்னதை ஒரே வரியில் சொல்லிவிட்டுக் காசைக் குறைக்கச் சொன்னான்.

இன்னும் ஒன்று இருக்கிறது. சொல்லப்போனால் அது முழு ஆர்.பி.ஜி.கூட இல்லை. லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச் என்று, அதுவும் 2015தான். அமெரிக்காவில் ஒரு சின்னக் கடலோர ஊர். மேக்ஸ் என்கிற பெண்ணுக்கு நேரத்தைப் பின்னால் ஓட்டத் தெரியும். கதையின் கடைசியில் பெரிய சூறாவளி ஊரை நோக்கி வருகிறது. இரண்டே வழி. உயிர்த்தோழி க்ளோயியைச் சாகவிட்டால் ஊர் தப்பும். அவளைக் காப்பாற்றினால் ஊர் போகும்.

என் அக்கா மகன் லீவுக்கு வந்தபோது வீட்டில் அதை ஆடினான். அந்த இடம் வந்ததும் மௌஸில் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டான். பின்னால் தரையில் உட்கார்ந்து அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். அம்மா தனுஷ்கோடியில் பிறந்தவர். 1964 டிசம்பர் 22 ராத்திரி ஒன்பது வயது. கடல் ஊருக்குள் வந்தது, பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த ரயிலை நூறு பேருக்கு மேல் ஆட்களோடு எடுத்துக்கொண்டது. சிக்னல் தெரியாமல் டிரைவர் நின்று பார்த்தார், பிறகு விசில் கொடுத்துவிட்டு எடுத்தார் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அம்மா அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

“என்னய்யா, அசையாம இருக்க?” என்றார்.

அவன் கதையைச் சொன்னான். புயல், ஊர், அந்தப் பெண், இரண்டு வழி. அம்மா கீரைக் காம்பை ஒதுக்கிவிட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டுத் திரையைப் பார்த்தார். மேட்டின்மேல் இரண்டு பெண்கள், கீழே கடல், விளக்கு எரிகிற வீடுகள்.

“அந்த ஊருக்காரவுகளுக்குச் சொன்னாகளா?”

அவன் திரும்பிப் பார்த்தான்.

“அதுக்கு இதுல பட்டன் இல்ல அம்மாச்சி.”

வணக்கம்.