அமீரக வேலை: விமானம் ஏறும் முன்பே முடிவாகிற விஷயங்கள்

அவையோருக்கு வணக்கம். துபாய், ஷார்ஜா என்று கட்டட வேலைக்கும் கிடங்கு வேலைக்கும் கிளம்புகிறவர்களும் இங்கே இருக்கிறீர்கள். அங்குள்ள கம்பெனிகளுக்கு ஆள் எடுப்பவர்களும் இருக்கிறீர்கள். இரு தரப்புக்கும் சேர்த்தே சொல்கிறேன்: கடன் சுமையோடு வந்து இறங்குகிற தொழிலாளியால் முதலாளிக்கும் நிம்மதி இல்லை.

பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் இந்திய விதிப்படி அதிகபட்சம் 30,000 ரூபாய், அதோடு ஜிஎஸ்டி. ரசீது கேட்டு வாங்குங்கள். அமீரகத்தின் 2021ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமோ, ஆள்சேர்ப்புச் செலவைத் தொழிலாளி தலையில் கட்டவே கூடாது என்கிறது. வட்டிக்கு வாங்கி வந்தவர் ஐம்பது திர்ஹாம் கூடுதலாகக் கிடைத்தாலும் வேறு இடம் தேடுவார். அல்லது தூக்கத்தைக் கெடுத்து ஓவர்டைம் பார்த்து விபத்தில் சிக்குவார்.

சம்பளத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 'மாதம் 1,500 திர்ஹாம்' என்றால், அதில் படிகள் போக அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று கேளுங்கள். ஓவர்டைமும், வேலை முடிந்து கிளம்பும்போது தருகிற பணிக்கொடையும் அதை வைத்தே கணக்காகின்றன. முதல் ஐந்து வருடங்களுக்கு, வருடத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் பணிக்கொடை. அடிப்படை 800 என்றால் ஐந்து வருடத்தில் 2,800 திர்ஹாம். 1,200 என்றால் 4,200. கைக்கு வரும் மாதச் சம்பளம் ஒன்றுதான், ஊர் திரும்பும்போது வித்தியாசம் 1,400.

வேலை வாய்ப்புக் கடிதம் தமிழிலும் கிடைக்கும். இங்கே கையெழுத்திட்ட கடிதமும் அங்கே நீட்டுகிற ஒப்பந்தமும் வரிக்கு வரி ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு நகல் வீட்டில் இருக்கட்டும்.

'விசிட் விசாவில் வா, பிறகு மாற்றிக்கொள்ளலாம்' என்பவரை நம்பாதீர்கள். அந்த விசாவில் வேலை பார்ப்பது குற்றம். பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் இசிஆர் (குடிபெயர்வுச் சோதனை தேவை என்று குறித்த) பாஸ்போர்ட்டுக்குக் குடிபெயர்வு அனுமதி வேண்டும். அதற்கு எடுக்கிற பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு விபத்து மரணத்துக்கு 10 லட்சம் ரூபாய் தருகிறது. இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய் பிரீமியம். விசிட் விசாவில் போகிறவருக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை.

ஆள் எடுப்பவர்களுக்கு ஒன்று. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கத் தடை. அது மட்டும் போதாது. புதிதாக வருகிறவர் உடம்பு சூட்டுக்குப் பழகவில்லை. வெப்பத் தாக்கு அதிகம் வருவது முதல் சில நாட்களில்தான். முதல் நாள் வெயில் வேலையில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் கொடுங்கள், பிறகு நாளுக்கு ஒரு பங்காகக் கூட்டுங்கள். முழு வேலை ஐந்தாம் நாள் முதல்.