மூன்றாவது நகர்வில் வந்த பிஷப்

நேயர்களுக்கு வணக்கம். காசிமேட்டில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லித் தருகிறேன். தெருவுக்குத் தெரு கேரம் போர்டு இருக்கிற பகுதி. பிள்ளைகளுக்குக் கை துறுதுறுவென்று இருக்கும், யோசிப்பதற்குள் காயைத் தொட்டுவிடுவார்கள். அதற்கு நான் கண்ட வழி, பெரிய ஆட்டம் ஒன்றை எடுத்து முதல் நகர்விலிருந்து வைத்துப் பார்ப்பது. அடுத்த நகர்வை ஒரு தாளால் மறைத்துவிடுவேன். அவரவர் யோசனையைப் பென்சிலால் எழுதிய பிறகுதான் தாளை இறக்குவேன்.

2024 டிசம்பர் 12, சிங்கப்பூரில் நடந்த உலகச் செஸ் சாம்பியன் போட்டியின் 14-வது ஆட்டம். சீனாவின் டிங் லிரெனுக்கு வெள்ளை, நம் குகேஷுக்குக் கறுப்பு. 55-வது நகர்வில் டிங் யானையைத் தப்பாக வைத்ததை நீங்களும் செல்போனில் பார்த்திருப்பீர்கள். எங்கள் பிள்ளைகளும் அதை மட்டும்தான் பார்த்திருந்தார்கள்.

சரி, முதலிலிருந்து வருவோம் என்றேன். வெள்ளை முதலில் ராஜா பக்கத்துக் குதிரையை நகர்த்துகிறது. அடுத்து, அந்தக் குதிரை நின்ற இடத்துக்கு முன்னால் இருந்த சிப்பாய் ஒரு கட்டம் நகர்கிறது. மூன்றாவதாக, சிப்பாய் விட்ட கட்டத்தில், குறுக்காக மட்டுமே போகும் பிஷப் வந்து உட்காருகிறது. அங்கிருந்து குறுக்காகப் பார்த்தால் எதிர்மூலை வரைக்கும் அதன் பாதைதான். இந்த ஓப்பனிங்கில், அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் இந்த முறையில், வெள்ளைக்கு முக்கியமான காய் அது. அதிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள் என்றேன்.

ஆட்டம் நீண்டது. வெள்ளைக்கு ஒரு சிப்பாய் குறைவு, ஆனாலும் டிரா செய்யலாம். அப்போது பத்து வயதுப் பெண் ஒருத்தி விரலை வைத்துக் காட்டினாள்: "சார், இது மூலைல போய் மாட்டிக்கிச்சு. எங்க போவும்?"

அவள் காட்டியது அதே பிஷப். மூன்றாவது நகர்வில் எந்த மூலையைப் பார்த்துக்கொண்டிருந்ததோ, அதே மூலையில் நிற்கிறது! மூலையில் நிற்கும் பிஷப்புக்கு ஒரே பாதைதான், இல்லையா? டிங் யானையை நகர்த்தியதும் யானைகள் வெட்டுப்பட்டன. உடனே குகேஷின் பிஷப் வந்து அந்தப் பாதையை மறித்தது. பிஷப்புகளும் வெட்டுப்பட்டால் மிஞ்சுவது ராஜாக்களும் சிப்பாய்களும்தான். ஒரு சிப்பாய் கூடுதலாக வைத்திருப்பவருக்கு அதுவே போதும். 58-வது நகர்வோடு டிங் விட்டுக்கொடுத்தார். 55-ஐ மட்டும் பார்த்தவர்களுக்கு அந்த பிஷப் கண்ணில் படாது. மறுபடியும் சொல்கிறேன், முதலிலிருந்து வைத்துப் பாருங்கள்.

அப்புறம், 2013-ல் ஆனந்த் கறுப்புக் காயில் அரோனியனை 23 நகர்வில் வென்ற ஆட்டத்தையும், அதற்கு முன்னோடியான 1907-ஆம் ஆண்டின் ரூபின்ஸ்டீன் ஆட்டத்தையும் சேர்த்துச் சொல்ல வைத்திருந்தேன். நேரம் முடிந்ததென்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். இரண்டிலும் கறுப்பின் பிஷப்புகளை மட்டும் பின்தொடருங்கள். தாளால் மறைத்துக்கொள்ள மறக்காதீர்கள். வணக்கம்.