கெட்ட செய்தி எத்தனை மணிக்கு வந்தது?

எல்லாருக்கும் மாலை வணக்கம். இந்த வெயிலில் நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய்க் காலை நீட்ட வேண்டிய நேரத்தில் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

அழைப்பிதழில் ‘அன்றாடத் தலைமையும் நலமான பணியிடமும்’ என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். தலைவர் என்றதும் மேடையும் மாலையும் நினைவுக்கு வரும். நான் பேச வந்தது வேறு ஆட்களைப் பற்றி. ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனியில் ஒரு ஸ்டிச்சிங் லைனைப் பார்த்துக்கொள்ளும் சூப்பர்வைசர், இங்கே வேலூர் லாங் பஜார் ஜவுளிக்கடையில் ஒரு மாடியைக் கவனிப்பவர், குடியாத்தத்தில் தறி போட்டிருப்பவர், வார்டு சிஸ்டர், தலைமை ஆசிரியர். உங்களுக்குக் கீழே மூன்று பேர் வேலை செய்தாலே நீங்களும் இந்தக் கணக்கில் சேர்த்திதான்.

பல வருஷம் தொழிற்சாலைகளின் பணியாளர் பிரிவில் இருந்தவன் நான். ஒரு இடம் நல்ல இடமா என்று பார்க்க எனக்கு இப்போது ஒரு கேள்வி போதும். அங்கே ஏதாவது தப்பு நடந்தால், அது பொறுப்பில் இருப்பவர் காதுக்கு வர எவ்வளவு நேரம் ஆகிறது? பத்து நிமிஷத்தில் வந்தால் அந்த இடம் பிழைத்துக்கொள்ளும். பத்து நாள் கழித்து, அதுவும் வெளி ஆள் சொல்லித் தெரிந்தால், சுவரில் எத்தனை பாதுகாப்பு வாசகம் ஒட்டியிருந்தாலும் பிரயோஜனம் இல்லை.

இதற்கு உதாரணம் தேடி அமெரிக்கா வரை போக வேண்டாம், நம் வேலூர்க் கோட்டைக்குப் போனால் போதும். மக்கான் பக்கம் போகிறவர்கள் எல்லாரும் சிப்பாய்ப் புரட்சி நினைவுத் தூணைப் பார்த்திருப்பீர்கள். 1806 ஜூலை 10, விடிவதற்கு முன்னால் நடந்தது. அதை நாம் வீரக் கதையாகப் படித்திருக்கிறோம். அப்படித்தான் படிக்கவும் வேண்டும், அடிமைப்பட்ட நாட்டின் சிப்பாயும் சம்பளத்துக்கு வேலை செய்யும் தொழிலாளியும் ஒன்றல்ல. ஆனால் இன்றைக்கு ஒரு பத்து நிமிஷம் மட்டும் அந்தப் பக்கத்து ஆங்கிலேய அதிகாரிகளின் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்போம். நிர்வாகம் எப்படியெல்லாம் கோட்டை விடும் என்பதற்கு அதைவிடத் தெளிவான பாடம் நம் ஜில்லாவில் வேறு இல்லை.

அதற்கு முந்தின சில மாதங்களில் சென்னைப் படைக்குப் புது உடை விதிகள் வந்தன. தலைமைத் தளபதி சர் ஜான் கிராடக், கவர்னர் வில்லியம் பென்டிங்க். நெற்றியில் சமயக் குறி கூடாது, கடுக்கன் கூடாது, தாடியை எடுக்க வேண்டும், தோல் பட்டை வைத்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும். அந்தத் தோல் மாட்டுத் தோலோ பன்றித் தோலோ என்று இந்து சிப்பாய்க்கும் சந்தேகம், முஸ்லிம் சிப்பாய்க்கும் சந்தேகம். உத்தரவு போட்டவர்கள் யாரும் போடுவதற்கு முன்னால், தலையில் வைத்துக்கொள்ளப் போகிறவனை ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை.

மே மாதமே சிப்பாய்கள் வெளிப்படையாக மறுத்தார்கள். கவனியுங்கள், அது கலகம் இல்லை. ‘இது எங்களுக்கு ஒத்துவராது’ என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். பதிலாகக் கிடைத்தது விசாரணையும் கசையடியும். அன்றைக்கு அதிகாரிகளுக்கு ரொம்பத் திருப்தியாக இருந்திருக்கும். சத்தம் அடங்கிவிட்டதே! சத்தம்தான் அடங்கியது. அதற்கப்புறம் பேச்செல்லாம் அவர்கள் காதுக்கு எட்டாத இடத்துக்குப் போய்விட்டது.

இன்னும் ஒரு வாய்ப்பு அவர்களுக்கு வீடு தேடி வந்தது. முஸ்தபா பேக் என்ற சிப்பாய், நடக்கப்போவதைக் கர்னல் ஃபோர்ப்ஸிடம் போய் முன்கூட்டியே சொன்னார். ஃபோர்ப்ஸ் என்ன செய்தார் தெரியுமா? ‘விசாரித்துச் சொல்லுங்கள்’ என்று இந்திய அதிகாரிகள் குழு ஒன்றிடம் ஒப்படைத்தார். அந்தக் குழுவில் இருந்தவர்களே திட்டத்தில் இருந்தவர்கள். அவர்கள் விசாரித்து, இந்த ஆளுக்குப் பைத்தியம் என்று சொல்லிவிட்டார்கள். செய்தி கொண்டுவந்தவரைக் காவலில் வைத்தார்கள்.

ஜூலை 10 அன்று கோட்டைத் தளபதி ஃபேன்கோர்ட் உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட ஐரோப்பியர்கள் செத்தார்கள். ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து கோட்டையைத் திரும்பப் பிடித்தபோது இறந்த சிப்பாய்கள் அதைவிடப் பல மடங்கு. கடைசியில் கிராடக்கையும் பென்டிங்க்கையும் லண்டன் திரும்ப அழைத்துக்கொண்டது. உடை விதிகளும் வாபஸ் ஆயின. மே மாதம் மறுத்தபோதே வாபஸ் வாங்கியிருக்கலாம், ஒரு காகிதச் செலவோடு முடிந்திருக்கும்.

சிரிக்கிறீர்கள். ஆனால் முஸ்தபா பேக் கதை உங்கள் இடத்தில் போன வாரம்கூட நடந்திருக்கலாம். ஒரு பெண் தன் சூப்பர்வைசர் மேல் புகார் கொடுக்கிறாள். மேனேஜர் அந்தக் காகிதத்தை யாரிடம் கொடுக்கிறார்? ‘என்னப்பா இது, பார்த்துச் சொல்லு’ என்று அதே சூப்பர்வைசரிடம். மறுநாள் அந்தப் பெண்ணுக்குக் கிடைக்கிற பெயர் ‘பிரச்சினைக்காரி’. பைத்தியம் என்பதற்கு இன்றைய சொல் அதுதான்.

சரி, கோட்டையை விட்டு வெளியே வருவோம்.

ஷூ அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கும் இடத்தில் இடது, வலது இரண்டையும் ஜோடி சேர்க்கிற மேஜை ஒன்று இருக்கும். தோல் என்பது துணி மாதிரி இல்லை. லாட்டுக்கு லாட் ஷேடு மாறும். இரண்டு காலும் ஒரே ஷேடில் வர வேண்டும். நான் பார்த்த ஒரு லைனில், அந்த மேஜையில் இருந்த அம்மா சொன்னார்: “சார், இன்னாவோ கலர் ஒத்துப்போவல.” சூப்பர்வைசர் டார்கெட் போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே, “உன்னை யாரும்மா கலர் பார்க்கச் சொன்னது? பீஸ் குறையுது, தள்ளு” என்றார். அந்த அம்மா தள்ளினார். அன்றைக்கு மட்டும் இல்லை, அதற்கப்புறம் எல்லாவற்றையும் தள்ளினார். பேக்கிங்கில் பெட்டியைத் திறந்தபோதுதான் தெரிந்தது, ஒரு லாட் முழுக்க ஒரு கால் காப்பி நிறம், ஒரு கால் புளி நிறம்.

வேறு ஒரு லைனில் அதே சங்கதி. அங்கே சூப்பர்வைசராக இருந்த பையனுக்கு வயசு இருபத்தைந்துகூட இருக்காது. இரண்டு பீஸையும் வாங்கிக்கொண்டு நேரே ஜன்னலுக்குப் போனான். ட்யூப்லைட் வெளிச்சத்தில் ஷேடு ஏமாற்றும், பகல் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். கலர் ஒத்துப்போகவில்லை என்று சொன்ன அக்காவையும் கூடவே கூட்டிப்போனான். “ஆமாக்கா, ஒத்துப்போவல. இதுமாதிரி எத்தனை ஜோடி போயிருக்கும்?” என்று கேட்டான். அடுத்து தோல் வெட்டும் கட்டிங் பிரிவுக்குப் போய் அங்கே மேஜையை நிறுத்தினான். யார் செய்தது என்ற கேள்வி சாயங்காலம்தான் வந்தது. வந்தபோது, சீட்டுக் கட்டாமல் இரண்டு லாட் தோலை ஒரே ராக்கில் வைத்திருந்தது தெரிந்தது. ராக்கைப் பிரித்தார்கள், முடிந்தது.

இரண்டு பேருக்கும் சம்பளம் ஒன்று, படிப்பு ஒன்று. பயிற்சி வகுப்பில் முதல் ஆள்தான் நன்றாகப் பேசுவார், அது வேறு விஷயம். வித்தியாசம் என்னவென்றால் அந்தப் பையனின் முதல் கேள்வி ‘எத்தனை’ என்பது. ‘யார்’ என்று அவன் ஆரம்பிக்கவில்லை. ‘யார்’ என்று ஆரம்பித்தால் எல்லாரும் கையைப் பின்னால் மறைத்துக்கொள்வார்கள்.

இதை ஆராய்ச்சி செய்தும் பார்த்திருக்கிறார்கள். ஹார்வர்டில் ஏமி எட்மண்ட்சன் என்ற பேராசிரியர், 1990களில் ஆஸ்பத்திரிக் குழுக்களில் மருந்து கொடுப்பதில் வரும் தவறுகளைப் பார்த்தார். ஒற்றுமையாக, நல்ல தலைமையோடு இயங்கும் குழுவில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் போனார். பதிவேட்டில் பார்த்தால் நல்ல குழுக்களில்தான் தவறு அதிகம். பிறகுதான் புரிந்தது, அங்கே பயமில்லாமல் சொல்கிறார்கள், மற்ற இடத்தில் மறைக்கிறார்கள். ஆகவே உங்கள் பிரிவில் ‘இந்த மாதம் புகாரே இல்லை’ என்று ரிப்போர்ட் வந்தால் உடனே ஸ்வீட் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2008இல் ஆபரேஷன் தியேட்டருக்கு 19 அம்சம் கொண்ட ஒரு சரிபார்ப்புப் பட்டியல் கொடுத்தது. அதில் ஒன்று, கத்தி வைப்பதற்கு முன்னால் அறையில் இருக்கும் எல்லாரும் தன் பெயரையும் தன் வேலையையும் சொல்ல வேண்டும் என்பது. எட்டு நாட்டு ஆஸ்பத்திரிகளில் செய்து பார்த்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8க்கு இறங்கியது. பெயர் சொன்னதால் மட்டும் இறங்கியது என்று சொல்ல மாட்டேன், பட்டியலில் மற்ற 18ம் இருக்கின்றன. ஆனால் ஒரு தடவை வாய் திறந்த ஜூனியர் நர்ஸ், அப்புறம் ‘டாக்டர், ஒரு நிமிஷம்’ என்று சொல்வது சுலபம்.

ஆஸ்பத்திரி என்று வந்துவிட்டதால் நம் ஊர் ஆஸ்பத்திரியையும் சொல்லிவிடுகிறேன். 1900இல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையோடு ஆரம்பித்தது சி.எம்.சி. அங்கே 1946இல் வந்தவர் டாக்டர் பால் பிராண்ட். தொழுநோய் வந்தால் விரல் தானாக அழுகி உதிரும் என்று அப்போது படித்தவர்களே நம்பினார்கள். உணர்ச்சி போய்விடுவதால் காயம் படுவது தெரியவில்லை, அந்தக் காயங்கள்தான் விரலைத் தின்கின்றன என்று அவர் கண்டார். ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் தேடினார்கள். சூடான பாத்திரம், கருவிகளின் கைப்பிடி, செருப்பு என்று ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. ஆனால் ராத்திரி படுக்கும்போது இருந்த விரல் காலையில் குறைந்திருப்பது மட்டும் புரியவில்லை. கடைசியில் ராத்திரி கண்விழித்துக் காவல் இருந்து பார்த்தார்கள். எலி. கடித்தது தெரியாமல் நோயாளி தூங்கிக்கொண்டிருந்திருக்கிறார். அப்புறம் வீட்டுக்குப் போகும் நோயாளியோடு ஒரு பூனையும் போயிற்று.

ஆஸ்பத்திரி அறைக்குள் உட்கார்ந்து எத்தனை கூட்டம் போட்டாலும் அந்த எலி கிடைத்திருக்காது. உங்கள் இடத்திலும் ராத்திரி ஷிப்ட் ஒன்று இருக்கும். கடைசியாக அங்கே எப்போது போனீர்கள்? போனாலும், முன்கூட்டியே போன் செய்துவிட்டுப் போகிறீர்களா?

போகும்போது பாத்ரூமையும் பாருங்கள். இதை மேடையில் பேசக் கூச்சப்படுவார்கள், நான் பேசுவேன். மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. ஷீட் போட்ட கூரைக்குக் கீழே எத்தனையோ பெண்கள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் தைக்கிறார்கள். குடித்தால் பாத்ரூம் போக வேண்டும். போனால் டோக்கன் வாங்க வேண்டும், திரும்பி வந்தால் ‘எவ்வளவு நேரம்?’ என்று ஒரு குரல். நீர்க்கடுப்பு, சிறுநீரகக் கல் என்று லீவு போடுகிறார்கள். நாம் அதை ‘வருகைக் குறைவு’ என்று எழுதி, வருகைக்கு ஊக்கத்தொகை அறிவிக்கிறோம். டோக்கனைத் தூக்கிப் போட்டுப் பாருங்கள், ஊக்கத்தொகை மிச்சம்.

கடைக்காரர்களுக்கும் ஒன்று. விற்பனையில் நிற்பவர்களுக்கு உட்கார நாற்காலி தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டமே திருத்தினார்கள். பல கடைகளில் நாற்காலி வந்துவிட்டது, உட்காரும் தைரியம்தான் வரவில்லை. முதலாளி வரும்போது எழுந்திருக்காதவளை அவர் எப்படிப் பார்க்கிறார் என்பதில் இருக்கிறது அந்தச் சட்டம்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் பாலியல் தொல்லைப் புகாருக்கு உள்ளகக் குழு இருக்க வேண்டும். இது 2013 சட்டம். மூத்த பெண் ஊழியர் தலைவர், உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். அந்த வெளியாள் எதற்கு என்று கேட்கிறவர்கள் ஃபோர்ப்ஸ் போட்ட குழுவை நினைத்துப் பாருங்கள். சிறிய இடங்களில் வேலை செய்பவர்களுக்கு மாவட்ட அளவில் குழு உண்டு. உங்கள் இடத்தில் சுவரில் ஒட்டிய பட்டியலில் இருக்கும் பெயர்கள் இன்னும் வேலையில் இருக்கிறவர்கள்தானா என்று நாளைக்கு ஒரு தடவை பாருங்கள்.

சம்பளம் பற்றி அதிகம் பேசப் போவதில்லை. தேதி தவறாமல், ஓவர்டைம் கணக்கோடு வர வேண்டும். அது நடக்காத இடத்தில் நான் இதுவரை சொன்னது எதுவும் வேலைக்கு ஆகாது.

2015 ஜனவரி கடைசியில் ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த பத்துப் பேர் செத்தார்கள். பெரும்பாலும் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். இன்று நம் தொழிலில் இந்தி, வங்காளம், ஒடியா பேசுகிறவர்கள் நிறையப் பேர். அவர்களில் ஒருவர் ஒரு சுவரில் விரிசலைப் பார்த்தால் உங்களிடம் எந்த மொழியில் சொல்வார்? அவர் சொல்வதைப் புரிந்துகொள்ளும் ஆள் ஒவ்வொரு ஷிப்டிலும் இருக்கிறாரா? இல்லையென்றால் இந்த வாரமே ஒருவரைப் போடுங்கள்.

பேச்சு முடிந்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு சிஸ்டர் எழுந்து கேட்டார்: “எல்லாம் சரிங்க சார். எங்களுக்கு மேலே இருக்கறவங்களே காது கொடுக்கலைன்னா நாங்க இன்னா பண்றது?”

நியாயமான கேள்விம்மா. தனியாகப் போகாதீர்கள், கூட ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். முஸ்தபா பேக் தனியாகப் போனார். வாயால் சொன்னதை அன்றைக்கே தேதி போட்டு எழுதிக் கொடுங்கள், ஒரு நகலில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போட மறுத்தால், மறுத்த நேரத்தையும் அதே நகலில் எழுதி வையுங்கள். அப்புறம், உங்களுக்குக் கீழே இருக்கிற ஆயாம்மா நாளைக் காலையில் ஏதாவது சொல்ல வந்தால், கையில் இருக்கும் ஃபைலைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள்.