வாங்காத பொருளின் பாட்டு

நேயர்களுக்கு வணக்கம். மறக்க முடியாத தொலைக்காட்சி விளம்பரங்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்தார்கள். எனக்கு உடனே ஞாபகத்துக்கு வந்தது பனம்பழந்தான்.

1991ஆம் ஆண்டு ஆவணி மாதம். யாழ்ப்பாணத்தில், கோண்டாவிலில் எங்கள் வீட்டுக் கிணற்றடி. பொருளாதாரத் தடை இருந்த காலம், சவர்க்காரம் கிடைப்பது அருமை. அக்கா பனம்பழத்தின் தோலை உரித்து, களியைத் துணியில் தேய்த்து, தோய்க்கிற கல்லில் கும்முவா. மஞ்சள் நுரை வரும். எத்தனை தரம் அலசினாலும் பழவாசம் போகாது. கொடியில் காயப்போட்டால் மாடு வந்து சப்பும், அதனால் நான் காவலுக்கு நிற்க வேண்டும். அந்த நேரம் அக்காவின் வாயில் ஓடுகிற பாட்டு 'வாஷிங் பௌடர் நிர்மா'.

அந்தத் தூளை எங்கள் வீட்டில் ஒருவரும் கண்ணால் கண்டதில்லை. கறன்ற் போய் ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது. ரீவியைச் சீலைத்துண்டால் மூடி மூலையில் வைத்திருந்தோம். பாட்டு மட்டும் எப்படியோ கிணற்றடிக்கு வந்துவிட்டது.

அது எங்களிடம் வந்த வழியை என் வயதுக்காரர் மறந்திருக்க மாட்டார்கள். எண்பதுகளின் கடைசியில் யாழ்ப்பாணத்தில் பல வீடுகளின் கூரைக்கு மேலே நீளமான இரும்புக் குழாயில் அன்ரனா நிற்கும். கொடைக்கானலில் இருந்து வரும் தூரதர்ஷனைப் பிடிக்கத்தான். ஒருவர் முற்றத்தில் நின்று குழாயைத் திருப்புவார், உள்ளே இருப்பவர் "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், சரி, விடு" என்று கத்துவார். வெக்கையான, காற்றில்லாத நாட்களில் படம் கண்ணாடி மாதிரித் தெரியும். கடலுக்கு மேலே படிந்து நிற்கும் சூடான காற்றுப் படலம் அலைகளை வளைத்துத் தூரத்துக்குக் கொண்டுவரும் என்பதைப் பிறகுதான் படித்தேன். வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும், ஞாயிறு காலை இராமாயணம். அதற்காக அயல் வீட்டார் எல்லாம் நேரத்தோடு வந்து பாயில் இருப்பார்கள். அப்படி இருந்தவர்களுக்கு முன்னால்தான் விளம்பரங்கள் ஓடின. ஹிந்தி எங்களுக்கு ஒரு சொல்லும் விளங்காது. இருந்தும் பிள்ளைகளுக்கு முதலில் பாடமானது விளம்பரந்தான்.

நிர்மா என்ற பெயருக்குப் பின்னால் ஒரு மகள் இருக்கிறாள். அகமதாபாத்தில் கர்சன்பாய் பட்டேல் என்பவர் 1969இல் தன் வளவிலேயே தூளைக் கலந்து, சைக்கிளில் வீடு வீடாகக் கொண்டு திரிந்து விற்றார். நிருபமா என்ற தன் மகளின் பெயரைச் சுருக்கி அதற்கு வைத்தார். விலையோ பெரிய கம்பனியின் சர்ஃபைவிடப் பல மடங்கு மலிவு. சர்ஃப்காரர் அதற்குப் பதிலாகக் கொண்டுவந்த ஆள் லலிதாஜி. கவிதா சௌத்ரி நடித்தார். வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு, சந்தையில் தக்காளியைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி, மலிவான சரக்குக்கும் நல்ல சரக்குக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லுகிற மனுஷி. அதை உருவாக்கிய அலிக் பதம்சி, பேரம் பேசுவதில் கெட்டிக்காரியான தன் தாயை மனதில் வைத்தே அந்தப் பாத்திரத்தைச் செய்ததாகச் சொல்லியிருக்கிறார். நான் நம்புகிறேன். எங்கள் அம்மம்மா யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் கத்தரிக்காய் வாங்கும்போது காம்பைக் கிள்ளிப் பார்ப்பா. லலிதாஜியைப் பார்த்த அன்று, பாஷை தெரியாமலே, "உவள் விசயம் தெரிஞ்சவள்" என்றா.

கொடைக்கானலைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். லிரில் சவர்க்கார விளம்பரத்தில் ஒரு பெண் அருவியில் குளிப்பாளே, அது கொடைக்கானலில் உள்ள பாம்பார் அருவி. விளம்பரத்துக்குப் பிறகு சனங்கள் அதை லிரில் அருவி என்றே அழைக்கத் தொடங்கிவிட்டார்கள். நாங்கள் அன்ரனாவைத் திருப்பியதும் அந்த மலையைப் பார்த்துத்தான். அந்த அருவியும் அதே மலையில்தான் விழுகிறது என்று தெரிந்தபோது எனக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது.

இசையும் அப்படித்தான் வந்து சேர்ந்தது. டைட்டன் மணிக்கூட்டு விளம்பரத்தின் மெட்டு மொசார்ட்டின் 25ஆவது சிம்பொனியில் இருந்து எடுத்தது. யாழ்ப்பாணத்தில் மொசார்ட் என்ற பெயரைக் கேள்விப்படாத ஆயிரம் பேர் அந்த மெட்டைச் சீழ்க்கையடித்தார்கள். இப்போது எங்கள் ஒழுங்கைக்குள் காலையில் வருகிற பாண் ஓட்டோ பீத்தோவனை வாசித்துக்கொண்டு வருகிறது. 'ஃபியூர் எலீஸ்' என்பது அதன் பெயர். அயல் வீட்டுச் சின்னப் பிள்ளைக்கு அது பாண் பாட்டு. வேறு பெயர் சொன்னால் ஏற்றுக்கொள்ள மாட்டாள்.

உலகத்தில் முதல் முதலாக அனுமதி பெற்று ஒளிபரப்பான தொலைக்காட்சி விளம்பரம் 1941 ஜூலை 1ஆம் திகதி நியூயோர்க்கில் போனது. ஒரு பேஸ்போல் ஆட்டத்துக்கு முன்னால், புலோவா மணிக்கூட்டுக்காக, பத்து விநாடி, செலவு 9 டொலர். பிரித்தானியாவில் 1955இல் ஒரு பற்பசை. தூரதர்ஷன் விளம்பரம் எடுக்கத் தொடங்கியது 1976இல். ஆனால் இந்தப் பக்கத்தில் விளம்பரத்தைக் காது வழியே பழக்கியது வானொலிதான். 1950இல் இலங்கை வானொலி வர்த்தக சேவையைத் தொடங்கியபோது, இந்தியாவில் இருந்தவர்களும் கொழும்புப் பக்கம் திருப்பினார்கள். பினாக்கா கீத்மாலா என்று பற்பசையின் பெயரையே தலையில் வைத்துக்கொண்ட நிகழ்ச்சி இங்கே இருந்து போனதுதான்.

சொற்களைப் பாருங்கள். காய்ச்சல் என்றால் பனடோல் போடு என்கிறோம், எந்தக் கம்பனியின் குளிசையாக இருந்தாலும். பால்மா வாங்கக் கடைக்கு அனுப்பினால் பிள்ளை அங்கர் என்று கேட்கிறது. இதை ஒரு குறையாக நான் சொல்லவில்லை. மொழி தனக்கு வேண்டியதை எங்கேயிருந்தும் எடுக்கும். என் மனத்தாங்கல் வேறு. எங்கள் பேச்சுக்குள் விளம்பரம் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது, விளம்பரத்துக்குள் எங்கள் பேச்சு எவ்வளவு தூரம் போயிருக்கிறது?

இரண்டாயிரங்களில் கொழும்பில் ஒரு கலையகத்தில் சிங்கள விளம்பரங்களைத் தமிழாக்கும் வேலை செய்தேன். படம் ஏற்கெனவே எடுத்து முடிந்திருக்கும். நடிப்பவரின் வாயசைவுக்குள் தமிழைப் பொருத்த வேண்டும், அதுதான் வேலை. ஒரு பால்மா விளம்பரத்தில் தாய் குசினியில் நின்று மகனைக் கூப்பிடுகிறாள்: "புதே". இரண்டு அசை. முதலில் உதடு மூடித் திறக்கும், பிறகு குவியும். நான் ஒரு இரவு முழுக்க யோசித்தேன். 'தம்பி' என்றால் உதடு நடுவில் மூடுகிறது. 'ராசா'வுக்கு உதடு மூடவே இல்லை. விடியப்புறம் அம்மம்மாவின் குரல் காதில் கேட்டது: "மோனை". இரண்டு அசை, 'மோ'வில் உதடு மூடித் திறந்து குவிகிறது, 'னை' போய் 'தே'யின் வாயிலேயே இருக்கிறது. அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தியது.

அவர்கள் ஏற்கவில்லை. அது கொச்சை என்றார்கள், எல்லாத் தமிழருக்கும் விளங்காது என்றார்கள். 'மகனே' என்று ஒலிப்பதிவு செய்தார்கள். மட்டக்களப்பில் ஒரு மாதிரி அழைப்பார்கள், மலையகத்தில் ஒரு மாதிரி, வன்னியில் ஒரு மாதிரி, எனக்கு அது தெரியும். ஆனால் எந்த ஊரில் எந்தத் தாய் தேத்தண்ணி ஆறுகிறது என்று சொல்ல "மகனே" என்று கூப்பிடுவாள்? அது நாடக மேடையில் அரசி சொல்லுகிற சொல். விளம்பரம் பல மாதம் ஓடியது. அதை ஒரு பிள்ளையும் பாடிக் காட்டி நான் கேட்கவில்லை. அலிக் பதம்சி தன் தாயைக் கொண்டுபோய் வைத்த இடத்தில், நாங்கள் ஒருவருக்கும் தாயில்லாத ஒருத்தியை வைத்திருந்தோம்.

ஊருக்குத் திரும்பி வந்த பிறகு, போன வருஷம், செக்கில் நல்லெண்ணெய் ஆட்டி விற்கிற ஒரு தம்பி வந்து, ஒலிபெருக்கி கட்டின ஓட்டோவில் போடுவதற்கு இருபது விநாடிக்கு ஒன்று செய்து தரச் சொன்னார். என் வீட்டு அறையிலேயே கதவைச் சாத்திவிட்டு ஒலிப்பதிவு செய்தோம். பேச வந்தது அவருடைய தாய். எழுதிக் கொடுத்த தாளை அவ வாங்கவில்லை. "நான் இவனைக் கூப்பிடுற மாதிரிக் கூப்பிடட்டே?" என்று கேட்டா. சரி என்றேன். பின்னால் தோசைக்கல்லில் எண்ணெய் சுள்ளிடும் சத்தம். "ஆறப் போகுது, வாவன் மோனை." அவ்வளவுதான். கடையின் பெயரைக் கடைசியில் நான் சொல்லியிருக்கிறேன்.

இரண்டு கிழமை கழித்துப் பள்ளிக்கூடம் விடுகிற நேரம் கோண்டாவில் சந்தியில் நின்றேன். சைக்கிளில் முன்னால் போன ஒரு பெடியன் பின்னால் வருகிறவனைத் திரும்பிப் பார்த்து, அந்த அம்மாவின் அதே இழுவையோடு கத்தினான்: "ஆறப் போகுது, வாவன் மோனை!"