அவுரித் தொட்டியில் கழன்ற சர்க்கரை

அவையோர் அனைவருக்கும் வணக்கம். செடியில் நிற்கும் அவுரி இலையைப் பார்த்து, துணிக்கு நீலம் ஏற்றுவது இதுதான் என்று தெரியாதவர் எவரும் சொல்லிவிட முடியாது. அதில் நீலமே இல்லை. இலையின் உயிரணுக்களுக்குள் இருப்பது இண்டிக்கன் என்னும் நிறமற்ற பொருள். இண்டாக்சில் என்ற சிறு மூலக்கூறோடு ஒரு குளுக்கோஸ் சேர்ந்து உண்டானது. இவ்வாறு சர்க்கரை ஒட்டிய பொருள்களைக் கிளைகோசைடுகள் என்பார்கள்.

அறுத்த தழையைத் தொட்டியில் அமுக்கி, பாரம் வைத்து ஊறப்போட்டால், அதுவரை ஒதுங்கிக் கிடந்த நொதி இண்டிக்கனைச் சென்றடைந்து குளுக்கோஸைக் கழற்றிவிடுகிறது. மஞ்சளும் பச்சையுமாக மாறிய நீரை வேறு தொட்டிக்கு வடித்து, ஆட்கள் அடித்துக் கலக்கும்போது, காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டு இண்டாக்சில்கள் இரண்டிரண்டாக இணைந்து இண்டிகோவாகின்றன. நுரை நீலம் பாரிக்கிறது, சாயம் வண்டலாகப் படிகிறது. சர்க்கரை இருந்தவரை நீரில் கரைந்து, காற்றுக்கு அசையாமல் கிடந்த பொருள், அது போனதும் கரைய மறுக்கிறது. சாயக்காரர் பாடுதான் இரட்டிப்பாகிறது: அந்த நீலத்தைத் துணியில் ஏற்றுவதற்குத் தகரை விதையும் சுண்ணாம்பும் இட்டுப் புளிக்கவைத்து, அதை மறுபடியும் கரைத்தாக வேண்டும்.

சர்க்கரை எந்த இடத்தில் ஒட்டுகிறது என்பதும் பொருளின் குணத்தை மாற்றும். பம்பளிமாசைக் கசக்கவைக்கும் நரிஞ்சினில், குளுக்கோஸின் 2ஆம் கார்பனில் ரம்னோஸ் என்ற இன்னொரு சர்க்கரை ஏறியிருக்கிறது. ஆரஞ்சிலுள்ள நரிரூட்டினில் அதே ரம்னோஸ் 6ஆம் கார்பனில் இருக்கிறது, கசப்பில்லை. இரண்டிலும் அணுக்களின் எண்ணிக்கை ஒன்றே.

சர்க்கரை நீங்கிய வடிவமே உடலுக்கு எளிதில் சேரும் என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பெருங்குடல் அகற்றப்பட்ட, மற்றபடி நலமாயிருந்த 9 பேரைக் கொண்டு நெதர்லாந்தில் நடத்தப்பட்டு 1995இல் வெளியான ஆய்வில், வெங்காயத்தில் குளுக்கோஸோடு இருக்கும் குவெர்செடின் என்ற தாவரப் பொருள் சுமார் 52 சதவீதம் உறிஞ்சப்பட்டது. சர்க்கரையற்ற குவெர்செடினோ 24 சதவீதம்தான். குவெர்செடினின் மற்றொரு கிளைகோசைடான ரூட்டின் 17 சதவீதத்தோடு நின்றது. வெறும் குளுக்கோஸ் என்றால் சிறுகுடல் சுவரிலுள்ள நொதியே அதைக் கழற்றிக்கொள்ளும். ரூட்டினில் குளுக்கோஸின் மேல் ரம்னோஸ் அமர்ந்திருப்பதால் அங்கே அது எளிதில் அசைவதில்லை, பெரும்பாலும் பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்களிடம் போய்ச் சேர்ந்த பிறகே பிரிகிறது. அந்த ஒன்பது பேருக்கோ பெருங்குடலே இல்லை.