அடை வைக்கும் அன்றே எடுக்க வேண்டிய முடிவு

தாய்மார்களே, பெரியவர்களே, பள்ளிப் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

கொல்லையில் வளரும் கோழியைக் குழம்பு வைக்கலாமா, பிள்ளை மாதிரி கடைசிவரை வைத்துக் காப்பாற்ற வேண்டுமா என்பது இன்றைக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு. இந்தக் கேள்வி நம் வீடுகளில் எப்போது எழுகிறது என்று யோசித்துப் பாருங்கள். ஆடி மாதம் குலசாமிக்குப் பொங்கல் வைக்கப் போகும் நாளில், அல்லது மாப்பிள்ளை விருந்துக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்த பிறகு. ஐந்து மாதம் கையால் அரிசி போட்டு வளர்த்த குழந்தை சேவலைக் கட்டிக்கொண்டு அழும். பாட்டி ஒன்று சொல்வார், அப்பா ஒன்று சொல்வார். அந்த நேரத்தில் எந்த முடிவை எடுத்தாலும் ஒருவருக்கு வலிக்கும். முடிவெடுக்க வேண்டிய நாள் அதற்கு ஐந்தாறு மாதம் முன்பே, குஞ்சு பொரிக்கக் கோழியை அடை வைத்த அன்றே கடந்துபோய்விட்டது.

கணக்கைப் பாருங்கள். நாட்டுக்கோழிப் பெட்டை ஒரு ஈட்டுக்கு, அதாவது ஒரு சுற்றுக்கு, பன்னிரண்டிலிருந்து பதினைந்து முட்டை இடும், பிறகு அடைக்கு உட்காரும். சிறுவிடை என்கிற சின்ன உடம்பு நாட்டுக்கோழிக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டைக்கு மேல் வைக்கக் கூடாது. வயிற்றுக்கு வெளியே நிற்கும் முட்டைக்குச் சூடு போதாது. கோழி புரட்டப் புரட்ட ஒவ்வொரு முட்டையும் ஓரத்துக்கு வந்து போவதால் மொத்த ஈடுமே கெடும். பன்னிரண்டு வைத்துப் பத்து பொரித்து, காக்கை, பருந்து, கீரி போக ஏழு தேறும் என்று வைத்துக்கொள்வோம். அதில் பாதி சேவல். வருடத்துக்கு மூன்று ஈடு என்றால் ஒரு பெட்டையிடமிருந்து பத்துச் சேவல், ஐந்து பெட்டை இருக்கும் வீட்டில் ஐம்பது சேவல். எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். மீதி நாற்பத்தொன்பது எங்கே போகும்? கோழியை உண்பதா வளர்ப்பதா என்ற பேச்சில் பெரும்பகுதி இந்தச் சேவல்களைப் பற்றிய பேச்சுதான்.

முட்டையின் கூர்நுனியைப் பார்த்துச் சேவலா பெட்டையா என்று சொல்லிவிடலாம் என்பார்கள். அதை நம்பி அடை வைக்காதீர்கள். ஆறிலிருந்து எட்டு வாரத்தில் கொண்டை சிவந்து பெரிதாவதும் கால் தடிப்பதும் சேவலைக் காட்டிக்கொடுக்கும். பத்துப் பன்னிரண்டு வாரத்தில் முதுகின் கடைப்பகுதியில் நீண்டு கூர்மையான இறகு வந்துவிட்டால் சந்தேகமே வேண்டாம்.

செல்லமாக மட்டும்தான் வளர்க்கப் போகிறீர்கள் என்றால் வழி சுலபம்: அடை வைக்காதீர்கள். பெட்டை முட்டையிடச் சேவல் தேவையில்லை. நகரத்தில் பலருக்கு இது தெரியாமல், சேவலும் வாங்கிவிட்டு விடியற்காலையில் பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை போடுகிறார்கள். பெட்டை என்று உறுதியாகத் தெரிந்த, முட்டையிடும் பருவத்தை எட்டுகிற வெடைக்கோழி மூன்று வாங்குங்கள். ஒன்று மட்டும் வேண்டாம், கோழி கூட்டத்தோடு வாழும் பறவை. முட்டையைத் தினமும் எடுத்துவிடுங்கள். அப்படியும் அடைக்கு உட்கார்ந்தால் சிலர் மூக்கில் இறகைச் செருகுவார்கள், தண்ணீரில் முக்குவார்கள். அந்த வேதனை தேவையே இல்லை. அடியில் கம்பிவலை போட்ட கூண்டைத் தரையிலிருந்து ஓரடி உயர்த்தி, வைக்கோல் எதுவும் போடாமல், தீனியும் தண்ணீரும் வைத்து மூன்று நான்கு நாள் அதில் விடுங்கள். வயிற்றுக்கடியில் காற்றுப் பட்டுச் சூடு தணிந்ததும் அடை கலைந்துவிடும்.

தெருவில் பச்சை, ரோஸ், மஞ்சள் என்று சாயம் ஏற்றி விற்கும் குஞ்சை மட்டும் குழந்தைக்கு வாங்கித் தராதீர்கள். முட்டைப் பண்ணைக்குப் பெட்டை மட்டும்தான் வேண்டும். பொரிப்பகத்தில் முதல் நாளே பிரித்தெடுத்த சேவல் குஞ்சுகளே பெரும்பாலும் சாயத்தோடு தெருவுக்கு வருகின்றன. முதல் வாரம் அதற்குச் சுமார் 35 டிகிரி சூடு வேண்டும். அட்டைப்பெட்டிக்குள் பல்பு போட்டு வாராவாரம் மூன்று டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வர வேண்டும். அதைச் செய்யாமல் வெறும் சிமென்ட் தரையில் விட்டால் இரண்டு மூன்று நாளில் செத்துப்போகும். வாரத்துக்கு ஆறு முட்டை வாங்கும் சைவ வீட்டுக்கும் அந்தச் சேவல் குஞ்சின் கணக்கில் பங்கு உண்டு. குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அறுப்பவர், அறுக்காதவர் என்று நடுவில் கோடு போட்டு ஒருவரை ஒருவர் ஏசுவதில் பயனில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

கறிக்கான வெள்ளைக் கோழியையும் செல்லமாக வளர்க்க முயலாதீர்கள். ஆறு வாரத்தில் இரண்டு கிலோ எடை வரும்படி இனம் தேர்ந்து உருவாக்கிய பறவை அது. அதற்கு மேல் வைத்திருந்தால் உடம்பைக் கால் தாங்காது, இதயமும் தாங்காது. மனம் இளகி உயிரோடு வைத்திருப்பதே அதற்குத் துன்பமாகிவிடும்.

நாட்டுக்கோழி அப்படியில்லை. நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஏழெட்டு வருடம் இருக்கும், முட்டையோ இரண்டு வருடத்துக்குப் பிறகு குறைந்துகொண்டே போகும். மேய்ச்சல் இல்லாமல் முழுத் தீனி போட்டு வளர்த்தால் ஒரு கோழிக்கு நாளைக்கு நூறு கிராம், வருடத்துக்கு 36 கிலோ ஆகும். கிலோ 30 ரூபாய் என்றாலும் ஆயிரத்துக்கு மேல் செலவு. அதைச் செலவென்று நினைக்காமல் செய்ய மனம் இருந்தால்தான் அது செல்லக்கோழி. மனம் இருந்தும் கையில் வசதி இல்லாவிட்டால் தவறில்லை, முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இரண்டும் வேண்டும் என்கிற வீடுகள்தான் அதிகம். அவர்களுக்கு ஒரு வழி. எட்டாவது வாரம் சேவலையும் பெட்டையையும் பிரித்துப் பார்க்கும்போதே காலில் பிளாஸ்டிக் வளையம் மாட்டிவிடுங்கள். நீல வளையம் வீட்டுக்கோழி, சிவப்பு வளையம் குழம்புக்கோழி. சுண்டுவிரல் நுனி நுழையும் அளவுக்குத் தளர்வாக இருக்க வேண்டும், கால் தடிக்கத் தடிக்க மாதம் ஒருமுறை பெரிய வளையமாக மாற்ற வேண்டும். மறந்தால் சதைக்குள் புதைந்து சீழ் வைக்கும். நீல வளையத்துக்குக் குழந்தை பெயர் வைக்கட்டும், மடியில் வைத்துக்கொள்ளட்டும். முகத்தோடு ஒட்டி முத்தமிட வேண்டாம், தொட்ட பிறகு சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். சிவப்பு வளையம் எதற்கு என்பதையும் அன்றே குழந்தையிடம் சொல்லிவிடுங்கள். 'ஓடிப்போச்சு', 'பருந்து தூக்கிட்டுப் போச்சு' என்று பொய் சொல்ல வேண்டாம். அன்றைக்கு வரும் அழுகை சீக்கிரம் ஓய்ந்துவிடும். பொய் தெரிந்த பிறகு வரும் கோபம் அப்படி ஓயாது.

சிவப்பு வளையத்தை நான்கிலிருந்து ஐந்து மாதத்துக்குள் அறுத்துவிடுவது நல்லது. சிறுவிடைச் சேவல் அப்போது ஒரு கிலோவைத் தாண்டியிருக்கும், கறி மென்மையாக இருக்கும். அதற்கு மேல் சேவல்கள் ஒன்றையொன்று கொத்திக் கொண்டையைக் கிழிக்கும், பெட்டைகளை ஓயவிடாமல் மிதித்து முதுகு இறகைப் பிய்த்துவிடும்.

அறுப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். இங்கேதான் நம்மிடம் கவனம் குறைவு. முந்தின இரவு கூண்டு அடைந்த பிறகு, இருட்டில் கோழியைப் பிடியுங்கள். பகலில் கொல்லை முழுக்கத் துரத்திப் பிடித்தால் அதற்கும் பயம், கறியும் கெடும். எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் தீனி வேண்டாம், தண்ணீர் மட்டும் வையுங்கள். தீனிப்பை காலியாக இருந்தால் குடல் கிழிந்து கறியில் படும் வாய்ப்புக் குறையும். ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் கேனின் அடியை முழுசாக வெட்டி எடுங்கள். வாய்ப்பக்கம் தலை மட்டும் வெளியே வரும் அளவுக்கு அகலப்படுத்தி, கூம்பு மாதிரி சுவரில் ஆணியடித்து மாட்டுங்கள். கோழியைத் தலைகீழாக அதில் இறக்கினால் சிறகு அடங்கி நிற்கும், அடித்துக்கொள்ளாது, எலும்பு முறியாது. ஒரு கையால் தலையைப் பிடித்து, தாடைக்குச் சற்றுக் கீழே, கழுத்தின் இரண்டு பக்க ரத்தக்குழாயும் அறும்படி ஆழமாக வெட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் வெட்டினால் நினைவு போக நேரமாகும், அவ்வளவு நேரமும் வலிதான். கழுத்தைத் திருகி எறிவதும், மொட்டைக் கத்தியால் அறுப்பதும் கூடாது. கத்தி கூராக இருக்க வேண்டும், அதைப் பிராணியின் கண்முன் தீட்டக் கூடாது என்பது இஸ்லாமிய மரபில் விதியாகவே இருக்கிறது. எல்லா வீட்டுக்கும் பொருந்துகிற விதி அது. மற்றக் கோழிகள் பார்க்காத இடத்தில் அறுங்கள். இரண்டு மூன்று நிமிடம் ரத்தம் முழுதும் வடிந்து அசைவு நின்ற பிறகுதான் அடுத்த வேலை.

இறகு பிடுங்கத் தண்ணீர் 60 முதல் 65 டிகிரி இருந்தால் போதும். தெர்மாமீட்டர் தேவையில்லை. தளதளவென்று கொதித்த தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் சரிபாதி கலந்தால் ஏறக்குறைய அந்தச் சூடு வந்துவிடும். முக்கால் நிமிடம் முக்கி, சிறகின் பெரிய இறகை இழுத்துப் பாருங்கள், தடையில்லாமல் வந்தால் எடுத்துவிடலாம். கொதிக்கிற தண்ணீரில் முக்கினால் தோல் வெந்து இறகோடு கிழிந்து வரும். பிறகு மஞ்சள் தடவித் தீயில் வாட்டி, வாலடியில் இருக்கும் எண்ணெய்ச் சுரப்பியை வெட்டி எறியுங்கள். ஈரலோடு ஒட்டியிருக்கும் பச்சைப் பித்தப்பை உடைந்தால் குழம்பே கசக்கும், அதைக் கொஞ்சம் ஈரலோடு சேர்த்தே அறுத்தெடுங்கள். அறுத்த சூட்டோடு சமைக்க வேண்டும், இல்லையென்றால் ஆறு மணி நேரமாவது குளிர்பெட்டியில் வைத்துச் சமைக்க வேண்டும். நடுவில் உடம்பு விறைத்திருக்கும் நேரத்தில் அடுப்பில் ஏற்றினால் எத்தனை விசில் விட்டாலும் ரப்பர்தான்.

எதை உண்ணக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, தலை தொங்கி, கழுத்து முறுக்கிக்கொண்டால் அது வெள்ளைக்கழிச்சல். தடுப்பூசி போடாத கூட்டத்தில் பத்துக்கு ஒன்பதைக்கூட அது கொண்டுபோய்விடும். 'சாகறதுக்குள்ள அறுத்துடலாம்', 'சந்தையில தள்ளிடலாம்' என்கிற அவசரம்தான் அந்த நோயை ஊர் ஊராகப் பரப்புகிறது. அறுத்த இடத்து ரத்தம், இறகு, கழுவிய தண்ணீர் எல்லாமே நோயைக் கொண்டுசெல்லும். செத்ததை ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள், கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். நிறையக் கோழி திடீரென்று செத்தால் பறவைக்காய்ச்சலாகவும் இருக்கலாம், வெறுங்கையால் தொடாதீர்கள். நோய்க்கு மருந்து கொடுத்துத் தேறிய கோழியை, மருந்துச் சீட்டில் போட்டிருக்கும் இடைவெளி நாள் முடியாமல் கறியாக்க வேண்டாம். முட்டைக்கும் அதே கணக்குதான்.

செல்லமோ குழம்போ, வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு, நான்காம் வாரம் மறுபடி சொட்டு, எட்டாம் வாரம் இறக்கையில் ஊசி. கரைத்த மருந்தை ஐஸோடு வைத்து இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். வெயிலில் வைத்த மருந்தைப் போடுவதும் போடாததும் ஒன்று. கொல்லைக்கோழிகளுக்கென்று நம் கால்நடைத் துறை பிப்ரவரியில் இரண்டு வாரம் கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது, காசு கிடையாது. கோடையில் நோய் ஏறுவதற்கு முன்னால் போட்டுவிட வேண்டும் என்பதற்காகத்தான் அந்த மாதம்.

உண்ணவும் மனமில்லை, வைத்துக்கொள்ளவும் இடமில்லை என்று சிலர் சேவலைக் கோயிலில் கொண்டுபோய் விடுகிறார்கள். முருகன் கொடியில் இருக்கும் பறவை, அங்கே பத்திரமாக இருக்கும் என்று நினைப்பு. பல கோயில்களில் அவற்றை ஏலம் விடுகிறார்கள், ஏலத்தில் எடுத்தவர் வீட்டில் அது குழம்பாகிறது. சிலர் சேவல் சண்டை விடுபவர்களிடம் கொடுக்கிறார்கள். போரிட்டு மாண்ட சேவலுக்கு ஆயிரத்தைந்நூறு வருடம் முன்பே நடுகல் நட்ட மண் இது, விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் அந்தக் கல்லைக் கண்டெடுத்தார்கள். அந்தப் பெருமையைச் சொல்லிக் காலில் கத்தி கட்டிப் பந்தயம் விடுவதை ஏற்க முடியாது. பிராணிகளைச் சண்டைக்கு ஏவுவது 1960-ஆம் வருட வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சந்தைக்குக் கொண்டுபோகும்போது காலைக் கட்டி வண்டிக் கைப்பிடியில் தலைகீழாகத் தொங்கவிடுவதும் வதைதான். கோழிக்கு நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் கிடையாது. தொங்கும்போது குடலின் பாரம் முழுக்க மூச்சுப்பைகள் மேல் அழுந்தும். கூடையில் வைத்து மேலே வலை கட்டிக் கொண்டுபோக ஐந்து நிமிடம்கூட ஆகாது.

வீட்டில் இப்போது ஒரு கோழி அடைக்குக் கேறிக்கொண்டிருந்தால், இன்றிரவு முட்டை வைக்கும் முன் இத்தனை சேவல் வந்தால் என்ன செய்வோம் என்று வீட்டார் எல்லோரும் உட்கார்ந்து பேசிவிடுங்கள். பதில் இல்லையென்றால் முட்டையை ஆம்லெட் போடுங்கள். பதில் இருந்தால் கூடையில் மணலும் வைக்கோலும் போட்டு, வழக்கப்படி இரும்புத் துண்டும் கரித்துண்டும் வைப்பதானால் வைத்து, ஐந்து நாளுக்கு மேற்படாத முட்டையாகப் பொறுக்கி வையுங்கள். ஏழாம் நாள் இரவு செல்போன் டார்ச்சில் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பாருங்கள். உள்ளே சிலந்திக் கால் மாதிரி சிவப்பு நரம்பு ஓடினால் உயிர் இருக்கிறது, எதுவும் தெரியாததை எடுத்துவிடுங்கள். 21-ஆம் நாள் குஞ்சு வரும். அதிலிருந்து 56-ஆம் நாளைக் காலண்டரில் வட்டமிட்டு, ஊசி, வளையம் என்று எழுதிவையுங்கள்.